ராணியை ஏற்றிக்கொண்டு பேராதனைக்கு

ஹட்டன் நகரில் இருந்து பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதை டிக்கோயாவைக் கடந்ததும் குளிரத் தொடங்கிவிடும். இரு பக்கமும் தேயிலை மலைகள். இடையிடையே காசல்ரீ நீர்த்தேக்கத்தின் தண்ணீர் கண்ணில் பட்டு மறையும். வானம் வெளுத்திருக்கும் காலை வேளைகளில் சிவனொளிபாதமலையின் கூர்முனையும் தெரியும். வன்னியின் சமநிலத்தில் பிறந்து வளர்ந்த என் போன்றவர்களுக்கு இந்தப் பாதையில் பஸ்ஸில் போவதே ஒரு பயம். ஒவ்வொரு வளைவிலும் பஸ் பள்ளத்துக்குள் இறங்கிவிடும் போலிருக்கும். பக்கத்தில் இருக்கும் தோட்டத்துப் பெண்களோ தலையை யன்னலில் சாய்த்து நித்திரை கொள்வார்கள்.

2019 பெப்ரவரியில் நான் அங்கே போனது அம்மாவின் பிறப்புப் பதிவைத் தேடி. அம்மா நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தாத்தாவோடு கிளிநொச்சிக்கு வந்து பாரதிபுரத்தில் குடியேறியவர். அந்தக் கலவரத்தோடு மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். உங்களில் சிலர் அப்படி வந்தவர்களின் பிள்ளைகளாகவும் இருப்பீர்கள். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, அப்போதே கலியாணம் முடித்திருந்தபடியால் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். யுத்தத்தில் அம்மாவின் காகிதங்கள் எல்லாம் போய்விட்டன. பதிவைத் தேடி எடுத்துப் பிரதி தர ஒரு கிழமையாவது செல்லும் என்றார்கள். திரும்பிப் போய் மீண்டும் வர பஸ் காசுக்குக் கட்டாது என்று பெரியம்மாவின் லயத்திலேயே தங்கினேன். அந்த நாட்களில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

லயத்தைக் காணாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய நீண்ட கட்டடம், வரிசையாகக் காம்பராக்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதற்கு முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. மேலே தகரம், தகரம் பறக்காமல் இருக்கக் கற்கள். ஒரு வீட்டில் பிள்ளை இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். தண்ணீருக்குப் பீலி. விடிவதற்கு முன்பே பெண்கள் எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளைகளுக்குக் கட்டி வைத்துவிட்டு மலைக்குப் போக ஆயத்தமாகிவிடுவார்கள். நான் போன மாதத்தில் எல்லோர் வாயிலும் சம்பளக் கதைதான். நாள் சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்த ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா என்று ஒப்பந்தம் முடிந்திருந்தது. 1,000 ரூபா வந்தது 2021 இல்தான்.

ஒவ்வொரு லயத்துக்கும் நாய்கள் உண்டு. அவை இன்னாருடைய நாய் என்று சொல்லலாம், ஆனால் சாப்பாடு எல்லா வீட்டிலும். விடியற்காலை இருட்டில் மலைக்குப் போகும் பெண்களுக்கு முன்னால் அவைதான் போகும். மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வந்தால் குலைக்கும். இன்னொன்றும் வரும். நான் போன முதலாம் நாள் இரவு, வெளியே போக எழும்பியபோது பெரியம்மா கையைப் பிடித்து இழுத்தார்.

"தனியா போகாத பாப்பா. நேத்து ராத்திரி புலி வந்துச்சு."

எனக்கு நெஞ்சு ஒருமுறை நின்றே போனது. அந்தச் சொல்லை அவ்வளவு சத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டுப் பத்து வருடங்கள். பிறகுதான் விளங்கியது, அவர் சொன்னது காட்டுச் சிறுத்தையை. மலையகத்தில் அதைப் புலி என்றுதான் சொல்கிறார்கள். பெரியம்மாவுக்கு என் பயம் விளங்கவில்லை, நானும் விளக்கப் போகவில்லை. காட்டோரத் தேயிலைக்குள் சிறுத்தை நடமாடுவது அங்கே சாதாரணம். அதற்கு எளிதில் கிடைக்கும் இரை லயத்து நாய். பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தைகளும் மாட்டிச் செத்துப் போகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படி மாட்டி, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் மூன்றாம் நாள் இறந்துபோனது. 

பெரியம்மாவின் நாயின் பெயர் ராணி. இடது காது பாதி இல்லை. அது சிறுத்தையின் வேலை என்றார்கள்.

ராணி 2006 இல் தேயிலைக் கானுக்குள் கிடந்த குட்டி. தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஊர்களிலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். நாய் குட்டி போட்டால் கடுவன் குட்டிகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். பெட்டைக் குட்டிகளை ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, மலைக்குள்ளோ சந்தைப் பக்கமோ விட்டுவிடுவார்கள். பெட்டை என்றால் வருடா வருடம் குட்டி போடும், யார் பார்ப்பது என்பதுதான் காரணம். அன்றைக்குச் சாக்கில் இருந்த நான்கில் ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. பெரியம்மா அதை இடுப்பில் கட்டியிருந்த படங்குக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு அந்த நாள் முழுக்கக் கொழுந்து பறித்திருக்கிறார். நிறுவையின்போது குட்டி முனகிய சத்தம் கேட்டுக் கணக்கப்பிள்ளை ஏசினாராம். பெரியம்மா அதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார்.

பெரியப்பா 2013 இல் காலமானார். பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில், ஒருவர் கடையில், ஒருவர் வீட்டு வேலையில். பெரியம்மாவும் தோட்ட வேலையில் இருந்து நின்றுவிட்டார். சேமலாப நிதியாக வந்த காசு மகளின் கலியாணத்தோடு முடிந்தது. லயத்துக்குப் பின்னால் இருந்த ஒரு துண்டு நிலத்தில் கரட்டும் லீக்ஸும் போட்டு விற்றுச் சீவியம். அந்தத் துண்டுக்கு இரவுக் காவல் ராணி. அறுபத்தேழு வயதுப் பெண் காம்பராவில் தனியே கதவைச் சாத்திப் படுக்கலாம் என்ற தைரியமும் ராணிதான். தனியே இருக்கும் பெண்ணுக்கு வாசலில் ஒரு நாய் குலைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகியருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாய்களுக்கு இந்த மலைகளில் நீண்ட சரித்திரம் இருக்கிறது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், பிற்காலத்தில் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் பெயர் பெற்றவர், 1848 இல் நுவரெலியாவில் குடியேறினார். வேட்டை நாய்க் கூட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு நுவரெலியாக் காடுகளிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் மரை வேட்டையாடினார். அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அதில் அவருடைய நாய்களின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன: கில்பக், ஸ்மட், புளூபேர்ட் என்று. எது எந்த மரையோடு பாய்ந்து செத்தது என்றும் இருக்கிறது. அதே ஆண்டுகளில்தான் எங்கள் பாட்டன் பூட்டன்மார் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பெயர்களை எழுதி வைக்க ஒருவரும் இருக்கவில்லை. இதற்கு நாய்களில் கோபித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தாலும் ஹட்டனில் அம்மாவின் பெயரைப் பழைய பதிவுப் புத்தகங்களில் தேடிக்கொண்டு நின்ற நாட்களில் அது என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் போன நாலாம் நாள் ராணி சாப்பிடவில்லை. அதற்கு முந்திய கிழமையில் இருந்தே தண்ணீர் மட்டும் அண்டா அண்டாவாகக் குடிக்கிறது என்று பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தார். வயிறு கொஞ்சம் வீங்கியிருந்தது. பின்பக்கத்தில் நாற்றமான சீழ். பன்னிரண்டு வயது முடிந்த நாய். பக்கத்து வீட்டு அண்ணன், "முடியுற காலம் அக்கா, அத தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். அவர் கெட்ட மனுசர் இல்லை. தோட்டத்தில் மனிதருக்கே அப்படித்தான் பல நேரம் சொல்லப்பட்டிருக்கிறது.

அருகில் இருந்த மிருக வைத்தியரிடம் ஆள் அனுப்பினோம். மலையகத்தில் அரசாங்க மிருக வைத்தியர்களின் வேலையில் பெரும் பகுதி பால் மாடுகளோடுதான். சினைப்படுத்துவது, கன்று பிறக்கக் கஷ்டப்படும் மாட்டைப் பார்ப்பது. அவர் போனில் கேட்டுவிட்டு, இது கருப்பையில் சீழ் கட்டும் வருத்தமாக இருக்கும், வயிற்றைத் திறந்து கருப்பையை எடுக்க வேண்டிவரும், அதற்கு என்னிடம் வசதியில்லை, பேராதனைக்குக் கொண்டு போங்கள், ஆனால் சுணங்க வேண்டாம் என்றார். நேராகச் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்க் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி ஒரு சீலைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். பீலியடியில் நின்ற பெண்களுக்கு அது போதுமாக இருந்தது. நாய்க்குத் தோட்டை வைப்பதா, பேரப்பிள்ளைக்கு வைத்திருக்கலாமே, கொழும்பில் இருக்கும் மகன் கேள்விப்பட்டால் என்ன சொல்வான்.

"என் தோடுடி" என்றார் பெரியம்மா. "பன்னெண்டு வருசமா அது ராத்திரி தூங்கல, நான் தூங்குனேன்."

அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை.

லயத்தில் இருந்து ஓட்டோ வரக்கூடிய பாதைக்கு வருவதற்கு ஒரு மலையை இறங்க வேண்டும். படிக்கட்டும் வழுக்கல் பாதையும். ராணியால் நிற்கவே முடியவில்லை. முதலில் குறை சொன்ன அதே அண்ணன்தான் வீட்டுக்குள் போய் ஒரு கம்பளியும் மூங்கில் தடியும் கொண்டுவந்தார். கம்பளியின் இரு முனையையும் தடியில் கட்டித் தூளியாக்கி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கினார்கள். மேல் லயங்களில் பிள்ளைப் பேற்று வலி வந்த பெண்களையும் நெஞ்சுவலி வந்தவர்களையும் இன்றும் இப்படித்தான் இறக்குகிறார்கள். பெரியம்மாவை அவருடைய இரண்டாவது பிள்ளைக்கு இறக்கியதும் இதே வழியால், இதே மாதிரித் தூளியில். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதை அவர் நடந்துகொண்டே, தூளியில் ஒரு கையை வைத்தபடி, சாதாரணமாகச் சொன்னார். வழியில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற பெண்கள் யாருக்கு என்ன என்று பதறிக் கேட்டார்கள். நாய் என்றதும் சிலர் சிரித்தார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் மலையில் இருந்து இறங்கி வந்து, தன் தேத்தண்ணிப் போத்தலில் மிச்சம் இருந்ததை மூடியில் ஊற்றி ராணிக்கு நீட்டினார். அது குடிக்கவில்லை.

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். ஹட்டனில் இருந்து பேராதனைக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல். போய்வர ஓட்டோக் கூலி ஒரு பெண்ணின் ஒரு கிழமைச் சம்பளத்துக்கும் கூட. தெரிந்த பையன் என்பதால் பாதியை இப்போது தாருங்கள், பாதியைப் பிறகு பார்ப்போம் என்றான். ஹட்டனில் அடகுக் கடை திறக்கும்வரை காத்திருந்தோம். சிவனொளிபாதமலைப் பருவகாலம். வெள்ளை உடுத்த யாத்திரிகர்களை ஏற்றிய வான்களும் பஸ்களும் நகரத்தை அடைத்துக்கொண்டு நின்றன. ஓட்டோவின் பின் ஆசனத்தில் பெரியம்மாவும் நானும், எங்கள் மடியில் குறுக்காக ராணி. அதன் சூடு என் சீலையைத் தாண்டித் தெரிந்தது.

ஹட்டன் புகையிரத நிலையத்தைக் காட்டிப் பெரியம்மா சொன்ன கதையை இங்கே எழுதாமல் விட முடியாது. 1964 இல் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று முடிவானது. போகிறவர்களிடம் யாரும் விருப்பம் கேட்டதாகப் பெரியம்மாவுக்கு ஞாபகம் இல்லை. எழுபதுகளில் தோட்டம் தோட்டமாகக் குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டு இந்த நிலையத்துக்கு வந்தன. கோச்சியில் தலைமன்னாருக்கு, அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரத்துக்கு. ஏறியவர்களும் நின்றவர்களும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். அதனால் அந்தக் கோச்சிக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. பெரியம்மாவின் பக்கத்து வீட்டுக் குடும்பமும் போனது. அவர்களுடைய நாய் பின்னாலேயே ஓடிவந்து மேடையில் நின்றதாம். கோச்சி போன பிறகு பெரியம்மாவும் என் அம்மாவும் அதைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தார்கள். மூன்று முறை கயிற்றை அறுத்துக்கொண்டு நிலையத்துக்கு ஓடியதாம். நாலாவது முறை தேடிப் போகவில்லை. 

"ஒங்க அம்மாதான் ரொம்ப அழுதா" என்றார்.

அம்மா இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. 2008 கடைசியில் நாங்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. டிராக்டர் பெட்டியில் எங்களோடு அயல் வீட்டு ஆட்களும் சாமான்களும். அது விசுவமடுவரை பின்னால் வந்தது. பிறகு காணவில்லை. அம்மா அன்றைக்குத் திரும்பியே பார்க்கவில்லை. அவருக்கு மனம் கல்லாகிவிட்டது என்று நான் அப்போது நினைத்தேன். எல்லா வீட்டுக் கதையும் இதுதான். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் நடந்தவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். மனிதர்களை இழந்தவர்கள் நாயைப் பற்றிச் சொல்ல வெட்கப்படுவார்கள். மீள்குடியேறி வந்தபோது எங்கள் பக்கத்துக் காணிகளில் கண்ணிவெடி தேடும் நாய்கள் கயிற்றோடு மோந்துகொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். மினுங்கும் உடம்பும் நேரத்துக்குச் சாப்பாடும். அவற்றுக்கும் வயது போகும், அப்போது யார் பார்ப்பார்கள் என்று யோசித்தது ஞாபகம்.

வட்டவளையைக் கடந்து கினிகத்தேனைக்கு இறங்கும்போது குளிர் விட்டுவிடும். தேயிலையோடு வாழையும் பாக்கும் கலந்து தெரியும். ஒவ்வொரு வளைவுக்கும் ராணி முனகியது. பெரியம்மா அதன் வயிறு அழுத்துப்படாமல் தன் முழங்கால்களைத் தூக்கிவைத்தபடியே அவ்வளவு தூரமும் வந்தார். நாவலப்பிட்டியில் தேத்தண்ணி குடிக்க இறங்கியபோது அவருக்குக் கால் நிமிரவில்லை. பிறகு கம்பளை, கெலிஓயா. மகாவலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதை சமதரையாகப் போகிறது. பத்து மணி கடந்து பேராதனைப் பல்கலைக்கழகத்து மரங்கள் தெரிந்தன.

இலங்கையில் மிருக வைத்தியர்களைப் படிப்பித்து அனுப்பும் பீடம் பேராதனையில் மட்டும்தான் இருக்கிறது. அதனோடு சேர்ந்த போதனா வைத்தியசாலைக்கு எங்கெங்கோ இருந்தெல்லாம் மிருகங்களைக் கொண்டுவருகிறார்கள். காரில் வந்து இறங்கிய நாய்களுக்குப் பக்கத்தில், கம்பளியில் சுற்றிய ராணியோடு நாங்கள் வாங்கில் இருந்தோம். பெரியம்மா செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பெயர் எழுதும் அட்டையில் முதலில் நாயின் பெயரைக் கேட்டார்கள், பிறகு சொந்தக்காரர் பெயரை. 

சிங்களம் பெரியம்மா நன்றாகப் பேசுவார், எனக்குத்தான் வராது. ஆனாலும் வருத்தத்தைப் பற்றி விபரமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்தியர் ஒரு மாணவியை அழைத்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"அம்மா, இவவுக்கு வயசு கூடத்தான். ஆனா வயசு ஒரு வருத்தமில்லை எண்டு டொக்டர் சொல்லுறார். ஸ்கான் எடுத்துப் பாப்பம், ரத்தமும் பாக்கவேணும். சிறுநீரகம் தாங்குமெண்டா ஒப்பரேசன் செய்யலாம்."

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னா பாப்பா சொல்லுது அந்தப் புள்ள?"

யாழ்ப்பாணத் தமிழை மலையகத் தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை எனக்கு வந்தது. அந்தப் பிள்ளைக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு.

அந்த மாணவி சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், பெட்டை நாய் வளர்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியது. கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு வயது போகும்போது இந்த வருத்தம் வரும். நாய்க்குக் காலம் வந்து போய்ச் சில கிழமைகளின் பின் தொடங்கும். அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சலம் போகும், சாப்பாட்டை வெறுக்கும், சோர்ந்து படுக்கும். சீழ் வெளியே வடிந்தால் கண்டுபிடிப்பது சுலபம். கருப்பையின் வாய் மூடியிருந்தால் ஒன்றும் வெளியே வராது, வயிறு மட்டும் வீங்கும். அதுதான் கூடிய ஆபத்து. மருந்தால் மட்டும் விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் திரும்ப வரும். கருப்பையை எடுப்பதே வழி. இளமையிலேயே கருத்தடை செய்துவிட்டால் இந்த வருத்தத்துக்கு இடமே இல்லை, பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டவும் தேவையில்லை. இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார்: நோவு என்று நாய்க்குப் பனடோல் கொடுக்கவேண்டாம், எங்களுக்கு நல்லது அதற்கு விஷமாகலாம். முதல் நாள் இரவு பெரியம்மா கொடுக்கத்தான் தேடினார். வீட்டில் பனடோல் முடிந்திருந்தது ராணியின் நல்ல காலம்.

அன்று முழுவதும் ராணிக்குச் சேலைன் ஏறியது. அடுத்த நாள் காலையில் சத்திரசிகிச்சை. மயக்க மருந்தில் இருந்து எழும்பாமலும் போகலாம் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டார்கள். பெரியம்மா பெயரை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். கைநாட்டு வைக்கவா என்று கேட்டவருக்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுதினார்.

இரவில் கம்பளையில் அவருடைய சிநேகிதி ஒருவரின் வீட்டில் தங்கினோம். முன்பு ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள். இரண்டு கிழவிகளும் விடியும்வரை பேசினார்கள். நாயைப் பற்றி அல்ல, செத்துப்போன கங்காணிமாரைப் பற்றியும் அந்தக் காலத்துத் துரைசாணியின் குதிரையைப் பற்றியும். நான் நடுவில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சத்திரசிகிச்சை முடிந்து வெளியே வந்த வைத்தியர் இளவயதுப் பெண். எடுத்த கருப்பையைத் தட்டில் காட்டினார். என் முழங்கை அளவு, சீழ் நிரம்பி உருண்டு கிடந்தது. பெரியம்மா அதை முகம் சுளிக்காமல் பார்த்து, "இவ்வளவையும் வச்சிக்கிட்டா காவல் காத்த?" என்றார். ராணி அப்போது நாக்கு வெளியே தொங்க, கண் பாதி திறந்தபடி கிடந்தது. பெரியம்மாவின் குரலுக்கு வாலின் நுனி மட்டும் ஒருதரம் அசைந்தது. நான் முதல்தரம் அழுதது அப்போதுதான். யாருக்காக அழுதேன் என்று அந்த நேரத்தில் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நாலாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தூளி கட்ட இந்த முறை நாலு பேர் வந்து நின்றார்கள். பீலியடிப் பெண்கள் தையலைப் பார்க்க வரிசையாக வந்தார்கள். ஒருத்தி தன் சீசெக்‌ஷன் தையலோடு ஒப்பிட்டுப் பார்த்து, நாய்க்குத்தான் நன்றாகத் தைத்திருக்கிறார்கள் என்று தீர்ப்பும் சொன்னாள். லயத்துச் சீமெந்துத் தரை குளிரில் பனிக்கட்டி மாதிரி. கிழட்டு நாயின் மூட்டுக்கு அது ஆகாது என்பதால் பெட்டிப் பலகையின் மேல் சாக்கை மடித்துப் போட்டு அடுப்படியில் படுக்கை செய்தோம். உப்பில்லாத குழைந்த சோறும் கோழி ஈரலும் சாப்பாடு. அம்மாவின் பதிவுப் பிரதியையும் அதற்கிடையில் எடுத்துக்கொண்டேன். அதில் தாத்தாவின் பெயர் ஓர் எழுத்து மாறிப் பதிந்திருக்கிறது, அதைத் திருத்துவது வேறு கதை.

தோடு மீள ஒன்பது மாதம் சென்றது. கரட்டுக்கு விலை நன்றாக இருந்த ஒரு மாதத்தில் எடுத்துவிட்டேன் என்று போனில் சொன்னார். ஓட்டோப் பையனின் மிச்சக் காசையும் அவர் விடவில்லை.

2020 ஓகஸ்ட் மாதம் கேரளத்தின் மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடி என்ற இடத்தில் மண்சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்கள் புதைந்து எழுபது பேர் இறந்துபோனார்கள். அவர்களும் எங்களைப் போலத் தமிழர்கள்தான். அங்கே குவி என்ற ஒரு நாய், தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையைத் தேடித் தேடி அலைந்து எட்டாம் நாள் ஆற்றோரத்தில் உடலைக் காட்டிக்கொடுத்தது. பொலிஸ் நாய்களைப் பழக்கும் ஒருவர் அதைக் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்து, அடுத்த ஆண்டு அந்தக் குடும்பத்தில் எஞ்சிய முதியவளிடமே திருப்பிக் கொடுத்தார். அந்தச் செய்தியைப் பெரியம்மா தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எனக்கு அழைத்தார். ராணிக்கு அப்போது கண் வெள்ளை விழுந்துவிட்டது. வாசல்வரை மோந்து நடந்து போய்க் குலைத்துவிட்டு வரும், யார் வருகிறார்கள் என்று தெரியாமலே. 

அந்த வருடம் ஐப்பசி மழையில் ராணி அடுப்படியிலேயே இறந்தது. லீக்ஸ் பாத்தியின் ஓரத்தில் புதைத்ததாகச் சொன்னார். அந்த நிலமும் தோட்டத்துக்குச் சொந்தமானதுதான், பெரியம்மாவின் பெயரில் ஒரு சாண் மண் கிடையாது. "யாரும் ஒண்ணும் கேக்கல" என்றார்.

நாட்டில் 1973 இல் மட்டும் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். தடுப்பூசியால் அந்தத் தொகை இப்போது மிகவும் குறைந்திருக்கிறது. நாய்களைப் பிடித்துக் கொல்வதையும் அரசாங்கம் 2006 இல் நிறுத்தியது. தடுப்பூசியும் கருத்தடையும்தான் வழி என்று முடிவெடுத்தார்கள். ராணி கானுக்குள் கிடந்த வருடமும் அதுதான். தடுப்பூசி இலவசம். ஊசி போடுகிறவர்கள் தோட்டத்துக்கு வரும் நாளில் இப்போது பெரியம்மாதான் லயத்து நாய்களைக் கயிறு கட்டி வரிசையில் நிறுத்துகிறார். போன முறை இரண்டு பெட்டைக் குட்டிகளையும் சேலைத் தலைப்பில் பொதிந்துகொண்டு போயிருக்கிறார். கருத்தடை செய்ய எப்போது வருவீர்கள் என்று கேட்டாராம். பட்டியல் ஒன்று எழுதித் தாருங்கள், ஆட்கள் சேர்ந்தால் வரலாம் என்றார்களாம். அன்று பின்னேரமே அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு, முதலாம் காம்பராவில் இருந்து தொடங்கி, நாயின் பெயர் ஒரு பக்கமும் வீட்டுக்காரியின் பெயர் மறு பக்கமுமாக எழுதத் தொடங்கிவிட்டார்.